நாள்பட்ட சைனஸ்: அழற்சியைக் கட்டுக்குள் வைத்திருப்பது எப்படி?

கன்னத்து எலும்புக்குள், கண்குழிக்குச் சற்றுக் கீழே, சைனஸ் எனப்படும் ஒரு காற்றறை இருக்கிறது. பெரியவர்களுக்கு அதன் கொள்ளளவு ஏறத்தாழ 15 மில்லிலிட்டர், அதாவது மூன்று தேக்கரண்டி. அந்த அறையிலிருந்து மூக்குக்குள் திறக்கும் வாசல் சில மில்லிமீட்டர் அகலமே உடையது. அதுவும் அறையின் தரையில் இல்லை, கூரையை ஒட்டி இருக்கிறது. தொட்டியின் வடிகுழாயை உச்சியில் பொருத்தியதைப் போன்ற இந்த அமைப்பினால், நிமிர்ந்து நிற்கும் ஒருவருடைய கன்ன அறைக்குள் ஊறும் சளி தன் எடையால் வடிந்து வெளியேற வழியில்லை. அதைத் தூக்கிச் சென்று வாசலில் சேர்ப்பவை அறையின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் நுண்மயிர்களே. கண்ணுக்குப் புலப்படாத அந்த மயிர்கள் நொடிக்குப் பத்து முறைக்கும் மேலாக ஒரே சீராக அசைந்து, சளிப் படலத்தை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வீதம் வாசலை நோக்கி நகர்த்துகின்றன. நாள்பட்ட சைனஸ் நோயைப் பற்றிய பேச்சை இங்கிருந்து தொடங்குவதே முறை என்று நினைக்கிறேன். சவ்வு வீங்கி, மயிர்கள் சோர்ந்து, வாசல் அடைபடும்போது நோய் வருகிறது. அந்த வீக்கத்தைத் தணித்து, மயிர்களை மீண்டும் இயங்க விடுவதற்காகவே பின்னால் நாம் பார்க்கப்போகும் சிகிச்சைகள் எல்லாம் இருக்கின்றன.

இப்படிப்பட்ட அறைகள் நான்கு இணைகளாக அமைந்துள்ளன. கன்னத்தில் ஓர் இணை, நெற்றியில் ஓர் இணை, இரு கண்களுக்கும் நடுவே தேன்கூடு போன்ற சிற்றறைகளின் தொகுப்பாக ஓர் இணை, மூக்கின் ஆழத்தில் மூளையின் அடித்தளத்தை ஒட்டி ஓர் இணை. மூக்கின் உட்புறத்தை மூடியிருக்கும் அதே சளிச்சவ்வுதான் இந்த அறைகளுக்குள்ளும் இடைவெளியின்றித் தொடர்கிறது. ஆகவே மூக்கை விட்டுவிட்டு சைனஸ் மட்டும் நோயுறுவது அரிது. மருத்துவர்கள் இன்று சைனசைட்டிஸ் என்பதைவிட ரைனோசைனசைட்டிஸ் என்று, மூக்கையும் சைனஸையும் சேர்த்தே குறிப்பிடுவதற்கு இதுவே காரணம்.

சளி பிடித்துப் பத்து நாள்களில் போய்விடும் சைனஸ் தொல்லைக்கும் மாதக்கணக்கில் நீளும் தொல்லைக்கும் பெயரில்தான் ஒற்றுமை. முதலாவது பெரும்பாலும் வைரஸால் வருவது. நூறு பேருக்குச் சளி பிடித்தால் அவர்களில் இரண்டு பேருக்கோ அதைவிடக் குறைவானவர்களுக்கோதான் அது பாக்டீரியாத் தொற்றாக மாறுகிறது. இரண்டாவது வேறு வகை. மூக்கடைப்பு, முன்னால் ஒழுகும் சளி அல்லது தொண்டைக்குள் இறங்கும் சளி, முகத்தில் அழுத்தம் அல்லது வலி, மணம் அறியும் திறன் குறைதல் ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு, 12 வாரங்களுக்கு மேல் நீடிக்க வேண்டும். அவற்றுள் ஒன்று அடைப்பாகவோ சளியாகவோ இருக்க வேண்டும். அதோடு மூக்குக்குள் மெல்லிய குழாயைச் செலுத்திப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியிலோ சி.டி. ஸ்கேனிலோ அழற்சிக்கான சான்று கண்ணால் காணப்பட வேண்டும். அப்போதுதான் அது நாள்பட்ட ரைனோசைனசைட்டிஸ் எனப்படும். இந்த நிலையில் சவ்வு ஓர் எரிச்சலில் நிலைத்துவிடுகிறது. நோய் எதிர்ப்பு அணுக்கள் அங்கேயே தங்கி, ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு, கிருமி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீக்கத்தைத் தொடரச் செய்கின்றன.

இந்த வேறுபாடு எட்டாததால் நேரும் வீண் அலைச்சல் கொஞ்சமல்ல. ஐந்து நாள் ஆன்டிபயாடிக், சற்றுத் தேறுதல், மூன்று வாரத்தில் மீண்டும் அடைப்பு, இம்முறை இன்னும் வீரியமான ஆன்டிபயாடிக் என்று ஆண்டுக்கணக்கில் சுற்றிவந்தவர்களின் மருந்துச்சீட்டுக் கோப்பைப் புரட்டிப் பார்த்தால், ஏழெட்டு ஆன்டிபயாடிக்குகளின் பெயர்கள் இருக்கும். அழற்சியைத் தணிக்கும் மூக்கு ஸ்ப்ரே ஒரே ஒருமுறை, அதுவும் இரண்டு வாரத்துக்கு மட்டும் எழுதப்பட்டிருக்கும். நோய் தீராததற்கு மருந்தின் வீரியம் போதாமை காரணமன்று. அழற்சியை அணைக்க வேண்டிய இடத்தில் கிருமியை மட்டும் துரத்திக்கொண்டிருந்ததே காரணம். நாள்பட்ட நிலையில் ஆன்டிபயாடிக்குக்கு இடமே இல்லை என்று சொல்ல வரவில்லை. திடீரென்று சளி சீழாக மாறி, வலி கூடும் வேளையில், அந்தச் சீழை எடுத்துப் பரிசோதித்து அதற்கேற்ற மருந்து கொடுப்பது சரியே. அடிப்படைச் சிகிச்சையாக அதை நம்புவதுதான் தவறு. ஆஸ்துமாவைப் போல, இரத்த அழுத்தத்தைப் போல, நாள்தோறும் கவனித்துக் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டிய நோய் இது என்பதை முதல் சந்திப்பிலேயே நோயாளியிடம் சொல்லிவிட்டால் பாதி ஏமாற்றம் குறையும்.

சிகிச்சைக்குள் போவதற்குமுன், இருப்பது சைனஸ்தானா என்று கேட்டுக்கொள்வது அவசியம். நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் விண்ணென்று தெறிக்கும் வலி வந்தவுடன் ‘சைனஸ் தலைவலி’ என்று பெயர் சூட்டிவிடுகிறோம். அமெரிக்காவில், சைனஸ் தலைவலி என்று தாமாகவோ மருத்துவர் சொல்லியோ நம்பிவந்த ஏறத்தாழ 3000 பேரை ஆராய்ந்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்களில் 88 விழுக்காட்டினரின் தலைவலி ஒற்றைத் தலைவலி எனப்படும் மைக்ரேனுக்கான இலக்கணத்துடன் பொருந்தியது. குழப்பத்துக்குக் காரணம் உண்டு. மைக்ரேன் வரும்போது முகத்தின் உணர்ச்சி நரம்பு தூண்டப்பட்டு, அதன் விளைவாக மூக்கு அடைக்கிறது, ஒழுகுகிறது, கண்ணில் நீர் வருகிறது. எல்லாம் சைனஸ் போலவே தோன்றுகின்றன. ஆனால் வெளிச்சம் கூசுவது, குமட்டல், ஒரு நாள் கிடந்துவிட்டு எழுந்தால் முற்றிலும் தெளிந்துவிடுவது ஆகியவை மைக்ரேனின் அடையாளங்கள். நாள்பட்ட சைனஸ் நோயிலோ கடும் வலி முதன்மையான அறிகுறியாக இருப்பது குறைவு. பாரமும் அடைப்பும் மந்தமுமே மிகுதி. மூக்கு சுத்தமாக இருக்க, வலி மட்டும் வந்து வந்து போகிறது என்றால் சைனஸை விட்டு வேறு பக்கம் தேட வேண்டும்.

ஸ்கேன் படமும் இந்த விஷயத்தில் ஏமாற்றக்கூடும். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், புதிதாகச் சளி பிடித்த 31 பேருக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 87 விழுக்காட்டினருக்குக் கன்ன சைனஸில் மாற்றம் தெரிந்தது. அவர்களில் சிலருக்கு இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எடுத்தபோது, ஆன்டிபயாடிக் எதுவும் தராமலேயே பெரும்பாலோருக்குப் படம் தெளிந்துவிட்டிருந்தது. ஆகையால் சளி பிடித்திருக்கும் வாரத்தில் எடுத்த ஸ்கேனைக் கையில் வைத்துக்கொண்டு நாள்பட்ட நோய் என்றோ, அறுவை தேவை என்றோ முடிவுகட்டுவது பொருந்தாது. சில வாரங்கள் முறையாக மருந்து எடுத்தபின், மூக்கு தன் இயல்பு நிலையில் இருக்கும்போது எடுக்கும் படமே உண்மை பேசும். எண்டோஸ்கோப்பி இன்னும் நேரடியானது: மூக்கை மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தெளித்து, பென்சிலைவிட மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, நடு மூக்குப் பாதையில் சீழ் இருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா, பாலிப் எனப்படும் மென்சதை தொங்குகிறதா என்று சில நிமிடங்களில் பார்த்துவிடலாம்.

இரு நாசிகளையும் பிரிக்கும் மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது என்று அறிக்கையில் கண்டவுடன் அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பலர் மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள். சிறிதளவு வளைவு பெரும்பாலோருக்கு உண்டு. தொல்லையின்றியே வாழ்ந்து முடிக்கிறார்கள். வளைவு ஒரு பக்க அடைப்பைக் கூட்டலாம், ஸ்ப்ரே உள்ளே போவதைத் தடுக்கலாம். சவ்வின் அழற்சிக்கு அது மட்டுமே காரணமாவது அரிது.

நோய் உறுதியான பிறகு கேட்க வேண்டிய கேள்வி, பாலிப் இருக்கிறதா இல்லையா என்பது. பாலிப் என்பது நீர் கோத்து வீங்கிய சவ்வு, உரித்த திராட்சையைப் போல வெளிறித் தொங்கும் மென்சதை, புற்றுநோய்க்கட்டி அன்று. பாலிப் உள்ளவர்களுக்கு மணம் தெரியாமல் போவதும் அடைப்பும் முன்னிற்கும். அவர்களில் பலருக்கு இயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் மிகுந்த அழற்சி காணப்படும். ஆஸ்துமாவும் கூடவே இருக்கும். மூக்கும் நுரையீரலும் ஒரே காற்றுப் பாதையின் இரு முனைகள் என்பதால், மூக்கைக் கவனிக்காமல் ஆஸ்துமாவைக் கட்டுப்படுத்துவதும் ஆஸ்துமாவைக் கவனிக்காமல் மூக்கைச் சீராக்குவதும் கடினம். இவர்களுள் ஒரு சாராருக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை ஒன்றை விழுங்கிய சிறிது நேரத்திலேயே மூக்கு அடைத்து மூச்சுத் திணறல் வந்துவிடும். பாலிப், ஆஸ்துமா, ஆஸ்பிரின் ஒவ்வாமை என்ற இந்த மும்மையைப் பிரெஞ்சு மருத்துவர் விடால் 1922-இலேயே குறித்துவைத்தார். 1968-இல் அதை விரிவாக விளக்கிய சாம்டர் பெயரால் இன்று அது அறியப்படுகிறது. பாலிப் உள்ள ஒருவர் தலைவலிக்கென்று கடையில் மாத்திரை வாங்குமுன் இதைத் தெரிந்திருப்பது உயிர் காக்கும் செய்தி என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

இரு பக்கமும் தொல்லை இருப்பதே இந்த நோயின் இயல்பு. ஒரே பக்கம் மட்டும் அடைத்து, அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் துர்நாற்றமுள்ள சளி வந்தால், முதலில் பற்களைப் பார்க்க வேண்டும். மேல் கடைவாய்ப் பற்களின் வேர்நுனிகள் கன்ன சைனஸின் தரையை ஒட்டியே இருக்கின்றன. பல்வேரில் சீழ் பிடித்தால் அது நேராக மேலே ஏறும். பல்லுக்கு வைத்தியம் பார்க்காமல் மூக்குக்கு எத்தனை மாதம் மருந்து போட்டாலும் அடங்காது. பூஞ்சைக் காளான் உருண்டையாகத் திரண்டு ஒரே சைனஸை அடைத்துக்கொள்வதும் உண்டு; அதை அறுவையால் எடுத்துவிட்டால் தீர்ந்தது. ஒரு பக்க அடைப்போடு இரத்தமும் கசிந்தால் கட்டி ஏதேனும் இருக்கிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும்.

இனி அன்றாட வைத்தியம். அதன் முதல் படி உப்புநீரால் மூக்கைக் கழுவுதல். எளிய செயல் என்பதாலேயே இதை மதிக்காமல் விட்டவர்கள் பலர். தேங்கிய சளி, தூசி, அழற்சியைத் தூண்டும் புரதங்கள் ஆகியவற்றை உப்புநீர் வாரிக்கொண்டு போகிறது. நுண்மயிர்களின் சுமை குறைகிறது. அடுத்துப் போடும் மருந்து சவ்வைத் தொட வழி பிறக்கிறது. மூக்கில் சிறிது தெளித்துக்கொள்ளும் உப்புநீர் ஸ்ப்ரே இதற்கு ஈடாகாது. 240 மில்லிலிட்டர் கொள்ளும் பிதுக்குப் புட்டியால், நிறைய நீரை மெல்லிய அழுத்தத்தில் செலுத்திக் கழுவுவதே பயன் தருவது.

உப்பின் அளவு லிட்டருக்கு 9 கிராம்; ஒரு புட்டிக்கு இரண்டு கிராமுக்குச் சற்று மேல், அதாவது அரைத் தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு. அயோடின் சேர்க்காத உப்பாக இருந்தால் எரிச்சல் குறையும். ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் இன்னும் மிருதுவாக இருக்கும். உப்பில்லாத வெறும் நீர் மூக்கில் ஏறினால் சுரீரென்று எரியும். நீச்சலில் மூக்கில் தண்ணீர் ஏறியவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும். உடல் திரவத்தின் உப்பளவோடு ஒத்த நீர் எரிவதில்லை. வெதுவெதுப்பு, கையில் ஊற்றினால் சூடும் தெரியாமல் குளிர்ச்சியும் தெரியாமல் இருக்கும் அளவு போதும். தொட்டியின் முன் குனிந்து, தலையைச் சற்றே சாய்த்து, வாயைத் திறந்து வாய் வழியே மூச்சு விட்டுக்கொண்டு, புட்டியின் வாயை நாசியில் பொருத்தி மெதுவாக அழுத்துகிறோம். முதல் இரண்டு நொடிகளுக்கு எதுவும் நடப்பதில்லை. பிறகு நீர் மறு நாசியின் வழியாக, முதலில் சொட்டுச்சொட்டாகவும் பின் சீராகவும் இறங்குகிறது, கூடவே நூல் நூலாகச் சளியும். பாதிப் புட்டி ஆனதும் மறுபக்கம். முடிந்ததும் நன்றாகக் குனிந்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, உள்ளே தங்கிய நீரை வடியவிட்டு, இரண்டு நாசிகளையும் திறந்தபடியே மெல்லச் சிந்த வேண்டும். ஒரு பக்கத்தை இறுகப் பொத்திக்கொண்டு ஓங்கிச் சிந்தினால் நீர் காதை நோக்கிப் போய்க் காதடைக்கும். நீரைச் செலுத்தும்போது பேசுவதும் விழுங்குவதும் இதையே செய்யும். முதல் இரண்டு மூன்று நாள்கள் சங்கடமாகத்தான் இருக்கும். ஒரு வாரத்தில் பல் துலக்குவதைப் போலப் பழகிவிடும்.

நீர் எதுவென்பதில் மட்டும் சமரசம் கூடாது. குழாயிலிருந்து பிடித்த நீரை அப்படியே மூக்கில் விடக் கூடாது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2011-இல் இரண்டு பேர், குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவியதன் பின்னர் நெக்லீரியா ஃபௌலெரி என்னும் அமீபா மூளையைத் தாக்கி இறந்தார்கள். இந்த அமீபா கலந்த நீரைக் குடித்தால் தீங்கில்லை. மூக்கின் கூரையிலுள்ள மண நரம்புகள் வழியாகத்தான் அது மூளைக்கு ஏறுகிறது. இந்த நோய் மிக மிக அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது அதைவிட அரிது. ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்க வைத்து ஆறவிட்ட நீர், வாலை வடித்த நீர், கிருமி நீக்கிய நீர் ஆகியவை பாதுகாப்பானவை. கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேலுள்ள இடங்களில் மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும். புட்டியையும் ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவைத்து, அவ்வப்போது மாற்ற வேண்டும்.

கழுவிப் பத்து நிமிடமாவது கழித்துப் போட வேண்டியது ஸ்டீராய்டு ஸ்ப்ரே. மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன், புடெசொனைடு ஆகியவை இந்த வகை. நாள்பட்ட சைனஸ் சிகிச்சையின் முதுகெலும்பு என்று இதைச் சொல்லலாம். ஸ்டீராய்டு என்ற பெயரே பலரை அஞ்ச வைக்கிறது. மாத்திரையாகவோ ஊசியாகவோ உடலெங்கும் பரவும் ஸ்டீராய்டு வேறு. சவ்வின் மேல் படிந்து அங்கேயே வேலை செய்யும் இது வேறு. மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன் போன்றவற்றில் இரத்தத்தில் கலக்கும் பங்கு மிகச் சொற்பம். ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தியவர்களிடம் பாதுகாப்பு நிலைநாட்டப்பட்ட மருந்துகள் இவை. பயத்தைவிடப் பெரிய தடை அவசரம். அடைப்பை ஐந்து நிமிடத்தில் திறக்கும் சொட்டு மருந்து போல இதையும் எண்ணி, ஒரு வாரம் போட்டுவிட்டுப் பயனில்லை என்று எறிந்துவிடுகிறார்கள். அழற்சி தணிய வாரங்கள் ஆகும். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் விடாமல் போட்ட பிறகே பலன் உண்டா இல்லையா என்று பேச முடியும்.

போடும் முறையிலும் பெரும்பாலோர் தவறுகிறார்கள். தலையை அண்ணாந்து, புட்டியை நேராக மேல்நோக்கி வைத்து அழுத்தி, உடனே ஓங்கி உறிஞ்சினால், மருந்து மூக்குத் தண்டின் மேலும் தொண்டைக்குள்ளும் போய்ச் சேரும். தண்டில் தொடர்ந்து பட்டால் அங்கே புண்ணாகி இரத்தம் கசியும். தொண்டையில் இறங்கினால் கசப்புதான் மிச்சம். தலையைச் சற்றே முன்குனிந்து, வலது நாசிக்கு இடது கையாலும் இடது நாசிக்கு வலது கையாலும் புட்டியைப் பிடித்தால், முனை தானாகவே தண்டை விட்டு விலகி, அதே பக்கத்துக் கண்ணின் வெளிமூலையை நோக்கித் திரும்பும். அழுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சிழுத்தால் போதும். இந்தச் சிறு திருத்தத்தை யாரும் காட்டித் தராததால் நல்ல மருந்தைக் கைவிட்டவர்கள் உண்டு. மருந்துச்சீட்டில் எழுதுவதோடு நிறுத்தாமல், நோயாளியின் கையில் புட்டியைக் கொடுத்துப் போடச் சொல்லிப் பார்ப்பது மருத்துவரின் கடமை என்பது என் உறுதியான எண்ணம்.

மேலே குறிப்பிட்ட சொட்டு மருந்துகள், ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் வகையைச் சேர்ந்தவை, இரத்த நாளங்களைச் சுருக்கி மூக்கை உடனே திறக்கின்றன. ஐந்து நாளுக்கு மேல் போனால் மருந்தின் வேகம் தணியும்போதெல்லாம் நாளங்கள் முன்னைவிட அதிகமாக விரிந்து மூக்கை அடைக்கும். அதைத் திறக்க மீண்டும் சொட்டு. இப்படித் தலைமாட்டில் புட்டியில்லாமல் தூங்க முடியாத நிலைக்கு வந்துவிடுவார்கள். அதிலிருந்து மீள, ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைத் தொடங்கிவிட்டுச் சொட்டு மருந்தை ஒரு நாசியில் முதலிலும் மறுநாசியில் பிறகுமாக நிறுத்துவது பலருக்குக் கைகொடுக்கிறது. ஆவி பிடிப்பது இதமாக இருக்கும், அவ்வளவுதான். நாள்பட்ட தொல்லை உள்ளவர்களிடம் இங்கிலாந்தில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், மூக்கைக் கழுவியவர்களுக்கு ஓரளவு நன்மை தெரிந்தது, ஆவி பிடித்தவர்களுக்குத் தெரியவில்லை. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகளை நினைத்தால், அவர்களுக்கு இந்த வழக்கமே வேண்டாம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஒவ்வாமை மாத்திரைகள் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டுமே உதவும்.

ஸ்டீராய்டு மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாலிப் உள்ள ஒருவருக்கு ஒன்றிரண்டு வாரம் இதைக் கொடுத்தால், நான்கைந்து நாளிலேயே மூக்கு திறந்து, பல மாதமாக மறந்திருந்த மணம் திரும்பிவிடுவதுண்டு. சோப்பின் வாசனை தெரிகிறது என்று கண் கலங்குபவர்களும் உண்டு. அந்த மகிழ்ச்சி சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் மங்கும்போது, மீண்டும் அதே மாத்திரையைத் தேடும் ஆசை எழும். சர்க்கரை ஏறுதல், இரத்த அழுத்தம் கூடுதல், உறக்கமின்மை, எலும்பு தேய்தல், கண்புரை என்று அதற்குக் கொடுக்க வேண்டிய விலை அதிகம். ஆண்டுக்கு ஒன்று, மிகுந்தால் இரண்டு தவணைக்கு மேல் தேவைப்படுகிறது என்றால், நோய் கட்டுக்குள் இல்லை, அடுத்த கட்டத்தை யோசிக்க வேண்டும் என்று பொருள்.

அந்த அடுத்த கட்டம் பெரும்பாலும் அறுவை. அதன் வரலாற்றில் இக்கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அந்த வாசலே மறுபடியும் வருகிறது. 1893-இல் நியூயார்க்கின் மருத்துவர் கால்டுவெல்லும் 1897-இல் பாரிஸின் லூக்கும் தனித்தனியே வகுத்த முறையில், மேலுதட்டுக்கு உட்புறம் ஈறுக்கு மேலாகக் கீறி, எலும்பைத் துளைத்துக் கன்ன சைனஸுக்குள் புகுந்து, நோயுற்ற சவ்வை முழுவதுமாகச் சுரண்டி எடுத்து, சளி வடியட்டும் என்று அறையின் கீழ்ப்பகுதியில் புதிய துளை ஒன்றையும் போட்டார்கள். பல பத்தாண்டுகள் இதுவே வழக்கமாக இருந்தது. புவியீர்ப்பை நம்பிய அந்தத் துளை எதிர்பார்த்த அளவு பயன்படவில்லை. ஏன் என்பதை ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பணியாற்றிய வால்டர் மெஸ்ஸர்கிளிங்கர், சளி நகரும் தடங்களைப் பொறுமையாகப் பின்தொடர்ந்து காட்டினார்: கீழே அகலமான துளை திறந்திருந்தபோதும், நுண்மயிர்கள் சளியை அதன் ஓரமாகவே கடத்தி, மேலேயுள்ள இயற்கை வாசலுக்கே கொண்டுபோய்க்கொண்டிருந்தன. வாசலைத் திறக்காமல் வேறெங்கே துளைத்தாலும் பயனில்லை; சவ்வை உரித்தெடுப்பது சளியை நகர்த்தும் கருவியையே அழிப்பது. இந்த அறிவின் மேல், இங்கிலாந்தின் இயற்பியலாளர் ஹாப்கின்ஸ் உருவாக்கிய மெல்லிய வில்லைத் தண்டு எண்டோஸ்கோப்பும் சி.டி. ஸ்கேனும் சேர்ந்தபோது, நாசி வழியாகவே சென்று இயற்கை வாசல்களை மட்டும் அகலப்படுத்தி, சவ்வைக் கூடியமட்டும் காப்பாற்றும் இன்றைய அறுவை பிறந்தது. அமெரிக்காவின் டேவிட் கென்னடி 1985-இல் அதற்குச் ‘செயல்சார் எண்டோஸ்கோப்பி சைனஸ் அறுவை’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

இந்த அறுவையை நோய்க்கு முற்றுப்புள்ளியாக எண்ணிச் செய்துகொள்பவர்களே பின்னால் மிகவும் மனம் உடைகிறார்கள். அறுவை அழற்சியைக் குணமாக்குவதில்லை, வழியைத் திறக்கிறது. முன்பு மூக்கின் முகப்பிலேயே நின்றுவிட்ட உப்புநீரும் ஸ்டீராய்டும் அதன் பிறகே சைனஸ் அறைகளுக்குள் போய்ச் சேர்கின்றன. புடெசொனைடைக் கழுவும் நீரிலேயே கலந்து செலுத்தும் முறையும் அப்போதுதான் முழுப் பயன் தருகிறது. கழுவுவதை நிறுத்திவிட்டால், குறிப்பாகப் பாலிப் உள்ளவர்களுக்கு, நோய் திரும்பும். முதல் சில வாரங்களில் உள்ளே காய்ந்து ஒட்டும் பொருக்குகளை மருத்துவர் எடுத்துச் சுத்தம் செய்வதும் அறுவையைப் போலவே முக்கியமானது; அந்தச் சந்திப்புகளைத் தவறவிட்டால் சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டித் தழும்பாகும். சைனஸுக்கும் கண்ணுக்கும் நடுவேயுள்ள எலும்புக்குக் காகிதத் தகடு என்ற பொருளில் லத்தீன் பெயரே இருக்கிறது, அத்தனை மெல்லியது. கூரைக்கு மேலே மூளை. கண்ணில் காயம், மூளைத் தண்டுவட நீர்க்கசிவு போன்ற பெருஞ்சிக்கல்கள் அனுபவமுள்ளவர்களின் கையில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்றாலும், அறுவைக்கு ஒப்புமுன் அவற்றைப் பற்றிக் கேட்டுத் தெளிவது நோயாளியின் உரிமை.

முறையான ஸ்ப்ரே, கழுவுதல், அறுவை எல்லாம் ஆன பின்னும் பாலிப் விடாமல் வளர்பவர்களுக்கு, கடந்த சில ஆண்டுகளில் ஒரு புதிய கதவு திறந்திருக்கிறது. அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட புரதச் செய்திகளை மட்டும் இடைமறிக்கும் உயிரியல் ஊசிகள் இவை. டுபிலுமாப் 2019-இல் பாலிப் நோய்க்காக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஒமாலிசுமாப் 2020-இலும் மெப்போலிசுமாப் 2021-இலும் தொடர்ந்தன. இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கு அடியில் போடப்படும் இவை, பாலிப்பைச் சுருக்கி மணத்தை மீட்டுத் தருவதோடு, உடனிருக்கும் ஆஸ்துமாவுக்கும் உதவுகின்றன. விலை மிக அதிகம். நிறுத்தினால் பலருக்கு நோய் திரும்புகிறது. ஆகவே யாருக்கு என்று தேர்ந்து கொடுக்க வேண்டிய மருந்து இது. பாலிப் இல்லாதவர்களுக்கு இன்னும் இந்த அளவுக்கு வழி திறக்கவில்லை.

புகை பிடிப்பவர் அதை விடாமல் மேற்சொன்ன எதிலும் முழுப் பலன் காண முடியாது, ஏனென்றால் புகை நுண்மயிர்களின் அசைவையே மந்தமாக்குகிறது. பிறர் விடும் புகைக்கும், வேலையிடத்துத் தூசிக்கும், காரமான ஆவிகளுக்கும் இது பொருந்தும்.

வீட்டு வைத்தியத்தைத் தொடர்ந்துகொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலைகளும் உண்டு. கண் இமை வீங்கிச் சிவத்தல், பார்வை மங்குதல், உருவங்கள் இரண்டாகத் தெரிதல், நெற்றியில் மெத்தென்ற வீக்கம், கடும் தலைவலியோடு காய்ச்சல், கழுத்து விறைப்பு, பேச்சிலோ நினைவிலோ தடுமாற்றம் ஆகியவை தொற்று கண்குழிக்கோ மூளைக்கோ பரவுவதைக் காட்டக்கூடும். சர்க்கரை கட்டுக்கடங்காதவர்களும் நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களும் முகத்தில் மரத்துப்போன உணர்வோ மூக்கில் கரும்பொருக்கோ கண்டால் மணிக்கணக்கில்கூடத் தாமதிக்கக் கூடாது. திசுக்களை ஊடுருவும் பூஞ்சை நோய் அவ்வளவு வேகமாகப் பரவும்.

நோய் கட்டுக்குள் இருக்கிறதா என்பதை ஸ்கேனைவிட வாழ்க்கையே நன்றாகச் சொல்லும். மருத்துவர்கள் 22 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைப் பயன்படுத்துகிறார்கள். மூக்கடைப்பு, சளி ஆகியவற்றோடு, இரவில் விழிப்பு வருகிறதா, பகலில் சோர்வாக இருக்கிறதா, கவனம் சிதறுகிறதா, மனம் சோர்கிறதா என்றும் அது கேட்கிறது. 110 மதிப்பெண்ணுக்கான அந்தப் படிவத்தில் ஒன்பது எண் அளவுக்கு மாற்றம் தெரிந்தால் நோயாளியே உணரக்கூடிய மாற்றம் என்று கொள்ளப்படுகிறது. ‘வெறும் மூக்குதானே’ என்று சுற்றியிருப்பவர்கள் நினைக்கும் இந்த நோய், உறக்கத்தையும் ஊக்கத்தையும் எவ்வளவு அரித்துவிடுகிறது என்பதை அந்தக் கேள்விகளே காட்டுகின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை நிரப்பித் தேதியிட்டு வைத்துக்கொள்வது, ‘முன்னைவிடப் பரவாயில்லை’ என்ற மங்கலான நினைவைவிட மருத்துவருக்கு நூறு மடங்கு உதவும்.

பாலிப் உள்ளவர்களுக்கு இதனினும் எளிய ஒரு கருவி கைவசமே இருக்கிறது. மணம் அறியும் நரம்புகள் மூக்கின் உச்சியில், மிகக் குறுகிய பிளவுக்குள் இருப்பதால், சவ்வு சற்றே தடித்தாலும் அந்த இடம்தான் முதலில் மூடிக்கொள்ளும். அடைப்பு தெரிவதற்கு முன்பே மணம் மங்கத் தொடங்குவது பலருக்கு நேர்கிறது. காலையில் முகம் கழுவும்போது ஒரே சோப்பை ஒவ்வொரு நாசியாக முகர்ந்து பார்க்க அரை நிமிடம் ஆகாது. நேற்றுத் தெரிந்த வாசனை நான்கைந்து நாளாகத் தெரியவில்லை, சளியும் பிடிக்கவில்லை என்றால், மூக்கு முழுவதும் அடைத்துக்கொள்ளும்வரை காத்திராமல், கழுவுவதிலும் ஸ்ப்ரேயிலும் நாள்கள் விடுபட்டனவா என்று பார்த்துக்கொண்டு, அந்த வாரத்திலேயே எண்டோஸ்கோப்பிக்கு நேரம் கேட்டு வாங்கிவிடலாம்.